மூக்கு சாரும் நகர்ந்த கல்லும்

நெய்வேலி நகரியத்தின் அத்தனை பிளாக்கையும் சல்லடை போட்டுத் தேடினாலும், மூக்கு சாரால் ஒரு தடவையாவது அதிர்ச்சி அடையாத ஆள் ஒருவர்கூடக் கிடைத்திருக்க மாட்டார். மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை அடைந்தார்கள். சுரங்கத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த நான் ஷிப்டுக்கு இரண்டு தடவை அடைந்தேன். ஏற்கனவே நான் பயந்த சுபாவம். குக்கர் விசில் அடித்தால் சுரங்கத்துச் சங்கு என்று எழுந்து நிற்கிறவன். ஊரில் எத்தனையோ தைரியசாலிகள் இருக்க, கடவுள் என்னைப் பொறுக்கி எடுத்து அவரிடம் அனுப்பினார்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மூக்கு சார் என்றதும் பெரிய மூக்கு என்று நினைக்க வேண்டாம். அவர் மூக்கு, ஒரு முந்திரிப் பருப்பை முகத்தில் ஒட்ட வைத்தது போல இருக்கும். பறவைப் பைத்தியம். யார் எந்தப் பறவையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வியிலிருந்து வந்த பெயர் அது.

"சார், எங்க வூட்டாண்ட ஒரு குருவி வந்துச்சு. பச்சையா, வால் நீட்டமா..."

"பச்சை கெடக்கட்டும். மூக்கைச் சொல்லும்வே."

"மூக்கா? பாக்கலியே சார்."

"பின்ன என்னத்தைப் பாத்தீரு?"

அவர் திருநெல்வேலிப் பக்கம். நான் காடாம்புலியூர்க்காரன். முதல் மூன்று மாதம் அவர் 'வே' போடும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறார் என்று நினைத்து வியர்த்தேன். அது பிரியத்தில் வருகிறது என்று யாரோ சொன்ன பிறகு இன்னும் வியர்த்தேன். யாரோ ஒருவர் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டதாக இனிப்போடு வந்தபோது, "மூக்கு எப்படி?" என்று கேட்டதாகவும் சொல்வார்கள். நான் நேரில் கேட்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

எங்கள் வேலை பெல்ட்டில். தோண்டி எடுக்கிற பழுப்பு நிலக்கரி, ரப்பர் பெல்ட்டில் ஏறி ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கரியோடு கல்லோ இரும்போ வந்தால் பெல்ட் கிழிந்துவிடும். அதற்காகப் பெல்ட்டின் ஓரம் முழுக்க ஒரு கயிறு ஓடும். புல்கார்டு என்போம். இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். கல்லைப் பார்த்தோமா, யோசித்தோமா, இழுத்தோமா என்று இருக்கக் கூடாது. யோசனை நடுவில் வரவே கூடாது. ஆறு மாதத்தில் இது கைக்குப் பழகிவிடும். எவ்வளவு பழகும் என்றால், ஒரு நாள் என் மகன் குவார்ட்டர்ஸ் வாசற்படியில் தடுக்கி விழப்போனான். நான் பாய்ந்துபோய்ப் பிள்ளையைப் பிடிக்காமல் துணி காயப் போட்டிருந்த கொடியை இழுத்தேன். பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு. என் மனைவி சரோஜாவுக்கு அத்தனை துணியும் மறுபடி துவைக்கிற வேலை. அதற்கு அவள் சொன்னதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

இந்தக் கயிற்றில்தான் மூக்கு சார் எனக்கு முதல் பெரிய அதிர்ச்சியைக் கொடுத்தார். ஒரு நாள் காலை ஷிப்டில் அவரே புல்கார்டை இழுத்துவிட்டார். பெல்ட் நின்றது. கல்லா, இரும்பா என்று நான் ஓடிப்போய்ப் பார்த்தால், கரி மேலே ஒரு மைனாக் குஞ்சு உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் அதிர்ச்சி போல. வாயைத் திறந்தபடி இருந்தது.

"எப்படி சார் பாத்தீங்க? நான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன், எனக்கே தெரியலியே."

"யாரு பாத்தா? கேட்டேன்வே."

பெல்ட் ஓடுகிற இடத்தில், பக்கத்தில் நிற்பவன் தும்மினால்கூட முகம் போகிற போக்கை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒரு குஞ்சின் குரல் கேட்டதாம். எனக்குத் தலை சுற்றியது. மறுநாள் ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. இவர் ஒரே வரியில் பதில் எழுதினார்: "பெல்ட்டில் அந்நியப் பொருள் வந்தால் நிறுத்த வேண்டும் என்பது விதி, மைனா அந்நியப் பொருள்." அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சாட்சிக் கையெழுத்து நான் போட்டிருந்தேன். அதனால் ஒரு மாதம் எனக்குத் தூக்கம் இல்லை.

அடுத்தது முட்டை விவகாரம். சுரங்கத்தில் மேல்மண்ணைக் கொட்டி வைத்த மேட்டில், வண்டி போகிற பாதைக்கு நடுவில், ஆட்காட்டிக் குருவி ஒன்று நாலு முட்டை இட்டிருந்தது. கூடெல்லாம் கிடையாது. வெறும் தரை. முட்டைக்கும் கூழாங்கல்லுக்கும் வித்தியாசமே தெரியாது. மூக்கு சார் என்னிடம், "வீட்டுல செவப்புத் துணி இருக்கா?" என்றார். எதற்கு என்று கேட்கிற தைரியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. சரோஜாவின் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை நாலாகக் கிழித்து, நாலு குச்சியில் கட்டி, முட்டையைச் சுற்றி நட்டுவிட்டார்.

சுரங்கத்தில் சிவப்புக் கொடி என்றால் அபாயம். உள்ளே வெடி ஏதாவது வெடிக்காமல் புதைந்திருக்கலாம் என்று லாரிக்காரர்கள் அரை பர்லாங் சுற்றிப் போனார்கள். மூன்று வாரம் அந்தப் பக்கம் ஒரு ஆள் போகவில்லை. கடைசியில் ஒரு அதிகாரி ஹெல்மெட் போட்ட இரண்டு பேருடன் வந்து, தரையோடு தரையாகத் தவழ்ந்துபோய்ப் பார்த்தார். அப்போது ஒரு முட்டை பொரிந்துகொண்டிருந்தது.

"யார் வேலை இது?" என்றார் அதிகாரி.

"ஆட்காட்டியோட வேலை சார்," என்றார் மூக்கு சார்.

அந்த நேரத்தில் அதிகாரி கையில் இருந்த கொடித்துணியில் சரோஜாவின் ஜாக்கெட் கொக்கி பளபளத்துக்கொண்டிருந்தது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் அவரைப் பற்றி நகரியத்தில் வேறு பேச்சும் இருந்தது. தலைக்கனம் பிடித்தவர் என்று. பக்கவாட்டில் யார் வந்து வணக்கம் வைத்தாலும் திரும்ப மாட்டார். பெரிய அதிகாரி ஒருவருக்கே அந்தக் கதி நேர்ந்தது. அடுத்த வாரம் அதே அதிகாரி மேல் கடைவீதியில் சைக்கிளைக் கொண்டுபோய் மோதினார். பிறகு இறங்கி, "எங்கிருந்து சார் வந்தீங்க?" என்று அவரையே கேட்டார். ஒரு கல்யாணத்தில் இலை ஓரத்தில் வைத்த வடையைத் தொடாமல், "வடை வைக்கலியே" என்று கோபித்துக்கொண்டார். அவர் மனைவி, நாங்கள் அக்கா என்போம், அந்த வடையை எடுத்து இலையின் நடுவில் வைத்தார். ராத்திரி ஷிப்டுக்கு வரவே மாட்டார். தன் ஞாயிறு விடுப்பையெல்லாம் கொடுத்து மாற்றிக்கொள்வார். ராத்திரியில் ஆந்தை பார்க்கப் போகிறார் என்று ஊர் சொன்னது. நானும் நம்பினேன். மாதத்தில் மீதியிருந்த ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சுரங்கத்துக்கு அடியில் ஊறுகிற தண்ணீரை மேலே இறைத்து வாய்க்காலில் விடுவார்கள். அந்த வாய்க்கால் ஓரம்தான் எங்கள் பறவை பார்க்கிற இடம். எனக்குக் காக்காயும் கொக்கும் தவிர எதுவும் தெரியாது. அவரிடம் பைனாகுலர் இருக்கும். என்னிடம் கவலை இருக்கும். பாம்பு வருமா, மழை வருமா, நாய் வருமா என்று நான் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"அங்க ஒண்ணு இருக்கு சார்."

"அங்கன்னா எங்க? கடிகாரம் மாதிரி சொல்லும். நேரா இருக்கது பன்னெண்டு. பத்தா, ரெண்டா?"

"ரெண்டு சார். ரெண்டேகால்."

"மூக்கு?"

இப்படியே பதினோரு வருஷம்.

ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வரைபட ஆபீஸில் வாங்கிய டிரேசிங் தாள். நூலகத்தில் இருந்த ஏதோ ஒரு பறவைப் புத்தகத்திலிருந்து அவரே படத்தை வரைந்து எடுத்திருந்தார். கோழி அளவு பறவை. சாம்பல் உடம்பு, கறுத்த முகம், நெஞ்சில் ஒரு கறுப்புப் பட்டை. மூக்கு மட்டும் அரிவாள் மாதிரி கீழே வளைந்து, சிவப்புப் பென்சிலால் அழுத்தித் தீட்டப்பட்டிருந்தது.

"இது எங்க சார் இருக்கும்?"

"இமயமலையில. மேல ஆத்துப் பள்ளத்தாக்குல, கூழாங்கல்லு பரந்து கெடக்க எடத்துல. கல்லோட கல்லா நிக்கும். மிதிக்கப் போனாத்தான் தெரியும்னு போட்டிருக்கான்."

"அப்போ எப்படி சார் பாக்குறது?"

"அதுக்குத்தான்வே நீரு."

எனக்குப் பகீரென்றது.

சில வருஷத்துக்கு ஒரு தடவை, குடும்பத்தோடு நாட்டின் எந்த மூலைக்கும் போய்வரக் கம்பெனி டிக்கெட் தரும். எல்.டி.சி. என்போம். ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து, பத்து நாளைக்குப் புளிக்காய்ச்சலும் மண்ணெண்ணெய் அடுப்பும் கட்டிக்கொண்டு கிளம்புவது வழக்கம். அந்த வருஷம் காசி, ஆக்ரா என்று முடிவாகியிருந்தது. பொறுப்பாளர் கிரேன் ஓட்டுகிற வரதராசு. மூக்கு சார் ஆண்கள் யாரிடமும் பேசவில்லை. அக்காவை விட்டு ஒவ்வொரு வீட்டிலும் பெண்களிடம், கங்கோத்ரியில் கங்கையைப் பிறந்த இடத்திலேயே பிடித்துச் செம்பில் அடைத்து வரலாம் என்று சொல்ல வைத்தார். மூன்றே நாளில் ஆக்ரா போய்க் கங்கோத்ரி வந்துவிட்டது. எப்படி மாறியது என்று வரதராசுக்குக் கடைசிவரை தெரியாது.

மலைப்பாதையைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. எங்கள் சுரங்கத்தில் மண்சுவர் அப்படிச் செங்குத்தாக நின்றால் அன்றைக்கே ஷிப்டை நிறுத்தி எல்லாரையும் மேலே ஏற்றிவிடுவார்கள். அங்கே அதற்கு அடியில் பஸ் போகிறது, டிரைவர் பீடி பற்ற வைக்கிறார். நான் வழியெல்லாம் மலையில் எங்கே விரிசல் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லா இடத்திலும் இருந்தது.

கங்கோத்ரிக்கு இன்னும் அரை நாள் வழி இருக்கும்போது, நான் பயந்தபடியே முன்னால் மலை சரிந்து பாதை அடைபட்டது. ஆள் சேதம் இல்லை. ஒரு சின்ன ஊரில் பஸ் நின்றது. வரதராசு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பெண்கள் செம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுகிற நிலையில் இருந்தார்கள். மூக்கு சார் மட்டும் இறங்கிப்போய்க் கீழே பார்த்துவிட்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் போலச் சிரித்தார்.

"நல்ல எடம்வே."

கீழே பள்ளத்தாக்கு அகன்று கிடந்தது. ஆறு நாலைந்தாகப் பிரிந்து, பால் கலந்த தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் எல்லாம் கல். சாம்பல் கல், வெள்ளைக் கல், கறுப்புக் கல். கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை கல். இந்த மலைச் சரிவை இவரே ஏற்பாடு செய்திருப்பாரோ என்று ஒரு நிமிஷம் எனக்குச் சந்தேகம் வந்தது.

அன்று ஆறு மணி நேரம் கல் பார்த்தோம்.

"என்ன தெரியுது?"

"கல்லு சார்."

"அதுக்குப் பக்கத்துல?"

"அதுவும் கல்லுதான் சார்."

"பொறுமையாப் பாரும். ஒரு கல்லுக்கு மூக்கு இருக்கும்."

சாயங்காலம் வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் திரும்பினோம். கரையோரம் ஒற்றையடிப் பாதை. ஒரு இடத்தில் அது இடது பக்கம் திரும்பியது. நான் திரும்பினேன். மூக்கு சார் திரும்பவில்லை. பேசிக்கொண்டே நேராக நடந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தபோது அவருடைய ஒரு கால் தரையில் இருந்தது. இன்னொரு கால் காற்றில் இருந்தது. பத்தடிக்குக் கீழே ஆறு.

சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்தது. இரண்டு பேரும் அப்படியே மண்ணில் உட்கார்ந்தோம். அவர்தான் முதலில் பேசினார்.

"வே, ஒரு குழாயைக் கண்ணுல வச்சுப் பாத்திருக்கீரா?"

தெறித்த பொத்தானை மண்ணில் தேடிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

"எனக்கு அவ்வளவுதான் தெரியும். குழாய்க்குள்ள இருக்கது பளிச்சுன்னு தெரியும். வெளிய ஒண்ணும் கெடையாது. இருட்டுன்னுகூடச் சொல்ல முடியாது, ஒண்ணுமே இல்ல. பொழுது சாஞ்சா உள்ள இருக்கதும் போயிரும்."

"எப்பருந்து சார்?"

"சின்னதுலயே கொஞ்சம் உண்டு. இப்பம் வருசா வருசம் குழாய் சின்னதாகுது. ஒரு நாளைக்கு அடைச்சுக்கிடும். மருந்து இல்லன்னுட்டாரு டாக்டரு. உங்க அக்காவுக்கு மட்டும் தெரியும். அடுத்த மாசம் சுரங்கத்துல எல்லாருக்கும் கண்ணு டெஸ்ட் வருது. நானே சொல்லிரப் போறேன். இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு இனி நான் பெல்ட்டுப் பக்கம் நிக்கக் கூடாது. அடுத்த தடவை டிக்கெட் வாரதுக்குள்ள குழாயில என்ன மிச்சம் இருக்கும்னு தெரியல. அதான் இந்தத் தடவையே வந்தேன்."

பதினோரு வருஷத்து அதிர்ச்சி எனக்கு அந்த இடத்தில் மொத்தமாக வந்தது. இலை ஓரத்து வடை. கடைவீதியில் மோதின அதிகாரி. ஆந்தை பார்க்காத ராத்திரிகள். யாரு பாத்தா, கேட்டேன்வே. ஊர் முழுக்கத் தலைக்கனம் என்று பேசியபோது நானும் நாலு பேரோடு சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன். அதை நினைத்தபோது, ஆற்றில் விழப்போனது நான்தான் என்பது போல இருந்தது.

"என்னை ஏன் சார் கூட இட்டுகினு சுத்துனீங்க? எனக்கு ஒரு பறவை பேருகூடத் தெரியாதே."

"பேரு எனக்குத் தெரியும்லா. நீரு பயந்தாங்கொள்ளிவே. பயந்தவன் நாலு பக்கமும் பாத்துக்கிட்டே இருப்பான். பெல்ட்டுல இருக்க அத்தன பேரையும் பாத்துட்டுத்தான் உம்மைப் பிடிச்சேன்."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னுடைய பயத்தால் ஒருவருக்கு உபயோகம் இருக்கும் என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

"வழி எப்பம் தெறப்பானாம்?" என்றார் எழுந்துகொண்டே.

"நாளைக்குப் பத்து மணிக்குன்னு சொல்லிகினாங்க சார்."

"அப்பம் பத்து மணி வரைக்கும் இருக்கு."

மறுநாள் விடிந்ததும் ஆற்றங்கரை டீக்கடைக்கு வந்துவிட்டோம். கடை என்றால் நாலு கம்பு, மேலே ஒரு தார்ப்பாய். பாயை இழுத்துக் கட்டின கயிறு ஆற்றுப் பக்கம் நீண்டு ஒரு முளையில் முடிந்திருந்தது. மூக்கு சார் முளைக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்தார். நான் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றேன். எட்டு மணி, ஒன்பது மணி. மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து தார்ப்பாய்க்கு அடியில் டீயும் பூரியும் சாப்பிட ஆரம்பித்தார்கள். வரதராசு தலை எண்ணிக்கொண்டிருந்தார். பஸ்ஸின் இன்ஜின் ஓடத் தொடங்கியது.

நான் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்ட்டைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். பெல்ட்டில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஓடுகிற கரியை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தால், நிற்கிற தரை எதிர்ப்பக்கம் ஓடுவது மாதிரி இருக்கும். ஆற்றிலும் அப்படியே ஆனது. தண்ணீரை விட்டுக் கண்ணைக் கல் மேல் வைத்தேன். கல்லெல்லாம் மெல்ல மேல்பக்கமாக ஊர்ந்தது. எனக்கு இது பழக்கம்தான், பயப்படவில்லை. ஆனால் ஒரே ஒரு கல் மட்டும் கீழ்ப்பக்கமாகப் போனது.

ஓடுகிற வரிசையில் சேராத ஒரு கல்.

கை இழுத்துவிட்டது.

முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. நாலு கம்பும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்தன. தார்ப்பாய் அப்படியே ஏழு குடும்பத்தையும் டீ, பூரி, கங்கைச் செம்பு சகிதம் மூடிவிட்டது. உள்ளேயிருந்து வரதராசு, "மலை சரிஞ்சிடுச்சி, யாரும் அசையாதீங்க, தலை எண்ணணும்" என்று கத்தினார். அதற்கும் அடியிலிருந்து சரோஜாவின் குரல் நிதானமாக வந்தது.

"என்னாங்க, இது உங்க வேலைதானே?"

இந்தக் களேபரத்தில் அந்தக் கல் பறந்தது. ஆமாம், பறந்தது. இறக்கையில் வெள்ளை தெரிய, டீ டீ டீ என்று மணி தட்டின மாதிரி கத்திக்கொண்டு தண்ணீருக்கு மேலே போனது. மூக்கு சார் பாறையிலிருந்து எழுந்துவிட்டார். தலையை இங்கும் அங்கும் திருப்புகிறார், பைனாகுலர் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டார்.

"கேட்டேன்வே. அதுதான். எங்க? மணியைச் சொல்லும்."

எனக்கு மணி வரவில்லை. பன்னிரண்டு எங்கே, இரண்டு எங்கே, ஒன்றும் ஞாபகம் இல்லை. பறவை எதிர்த் திட்டில் இறங்கி நடந்தது. இன்னொரு நிமிஷத்தில் கல்லாகிவிடும். பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் போய், எனக்கு மேலதிகாரியான ஒரு மனிதருடைய தலையை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்தேன். வால்வு திருப்புகிற மாதிரி மெல்லத் திருப்பினேன். கொஞ்சம் இடப்பக்கம். இன்னும் கொஞ்சம். அதிகமாகிவிட்டது, ஒரு இழை வலப்பக்கம். தாடையை அரை அங்குலம் இறக்கினேன்.

"மூக்கைச் சொல்லும்," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"செவப்பு சார். வளைஞ்சி இருக்குது. கீழ்ப்பக்கமா."

அதுவரை என் கைக்குள் ஆடிக்கொண்டிருந்த அவர் தலை அப்படியே நின்றுவிட்டது. கழுத்து நரம்பு துடிப்பது என் விரலுக்குத் தெரிந்தது. அவர் மூச்சுவிடவில்லை. அந்தப் பறவை வயிறு நனைகிற அளவு தண்ணீரில் இறங்கி, ஒரு கல்லுக்கு அடியில் மூக்கை விட்டுத் துழாவியது. தலையை இரண்டு தடவை ஆட்டியது. மறுபடி துழாவியது.

அதற்குள் தார்ப்பாயிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்திருந்தார்கள். வரதராசு தலையில் ஒரு பூரியோடு வந்து நின்றார்.

"என்னய்யா பண்ற? சாருக்குச் சுளுக்கா?"

பின்னால் அக்கா வந்தார். என் கையைப் பார்த்தார். சாரின் முகம் நின்ற திசையைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு திரும்பி, "ஒண்ணும் இல்ல. யாரும் சத்தம் போடாதிய. எல்லாருக்கும் இன்னொரு டீ போடச் சொல்லுதேன்," என்றார்.

என் கை மரத்துப்போகத் தொடங்கியது. விரலை லேசாகத் தளர்த்தினேன்.

"கையை எடுத்துராதேயும்," என்றார் மூக்கு சார்.

பஸ் எங்களுக்காக எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி அவர் நோட்டில் எழுதியதை அக்கா எனக்குப் படித்துக் காட்டினார். தமிழில் அந்தப் பறவைக்குப் பெயர் இல்லையாம், அதனால் 'நகர்ந்த கல்' என்று போட்டிருந்தார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர், இனிஷியலோடு.

ஊர் திரும்பினதும், சொன்னபடியே கண் பரிசோதனையில் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சுரங்கத்திலிருந்து, வருகிறவர் போகிறவர் கணக்கு எழுதுகிற டைம் ஆபீஸுக்கு மாற்றினார்கள். அங்கே செருப்புச் சத்தத்தை வைத்து, ஆள் உள்ளே நுழையும் முன்பே பெயரைச் சொல்லி வரவேற்று எல்லாருக்கும் அதிர்ச்சி கொடுத்தார். தலைக்கனம் என்ற பேச்சு ஒரே மாதத்தில் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் ஓரம் போவது மட்டும் நிற்கவில்லை. என் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். ரிட்டயர் ஆகித் திருநெல்வேலிப் பக்கம் போகிறவரை அப்படித்தான். போன பிறகு அக்காவின் கையெழுத்தில் கடிதம் வரும். அதில் அவர் சொல்கிற முதல் வரி, அங்கே என்ன பார்த்தீர், மூக்கைச் சொல்லும் என்றுதான் இருக்கும். பார்த்ததையெல்லாம் எழுதி அனுப்புவேன். கடைசியாக வந்த கடிதத்தில், குழாய் அடைத்துவிட்டது, நீர் நிறுத்தாமல் எழுதும் என்று இருந்தது.

இப்போது கடிதம் போட ஆள் இல்லை. ஆனாலும் எங்காவது ஒரு பறவையைக் கண்டால், என் வாய் தானாக மூக்கிலிருந்து தொடங்கி அதைச் சத்தமாகச் சொல்லிவிடுகிறது. பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் தள்ளி நிற்கிறார்கள். அதையாவது சமாளித்துவிடலாம். இந்த இரண்டு கைகளும் காற்றில் எழுந்து, அவர் தலை உயரத்துக்குப் போய் நிற்கிறதே, அதற்குத்தான் யாரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.